சுழல் துப்பாக்கியும் அரமும்

1955ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் இயங்கிய கோல்ட் நிறுவனம், ‘பைத்தான்’ என்னும் பெயரில் ஒரு சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 125 டாலர். அந்நாளில் ரிவால்வர் ஒன்றுக்கு அது மிக உயர்ந்த விலை. அதன் கருநீல மெருகில் முகம் பார்க்கலாம் என்பர். விசையை இழுக்கையில் உள்ளுறுப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்லும் மென்மையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தவர் பலர். 1999இல் அதன் தொடர் உற்பத்தி நின்றது. 2020 சனவரியில் அதே நிறுவனம் அதே பெயரில் புதிய பைத்தானை வெளியிட்டது. இம்முறை விலை 1,499 டாலர். பழைய 125 டாலரை விலைவாசி உயர்வின்படி கணக்கிட்டால் 2020இல் ஏறத்தாழ 1,200 டாலர் ஆகும். ஆகவே, புதியது மலிவுப் பதிப்பு என்று ஒதுக்கிவிட இயலாது. ஆயினும், புதியது பழையதற்கு ஈடாகுமா என்னும் வழக்கு அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை.

இவ்வழக்கு கேட்பதற்குப் பழகிய குரலாகவே ஒலிக்கும். யாப்பறிந்த தலைமுறை போயிற்று என்று ஒருசாராரும், பழைமையைப் போற்றுவோர் புதியதைப் படிப்பதே இல்லை என்று மறுசாராரும் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இதன் போக்கு எளிதில் விளங்கும். ஆயின் கவிதையில் இல்லாத ஒரு வசதி துப்பாக்கியில் உண்டு. இங்கே பலவற்றை அளந்து பார்க்கலாம். அறுத்துப் பார்க்கலாம். எந்த உறுப்பை எந்த ஆண்டில் யார் எவ்வாறு செய்தார் என்பதற்குத் தொழிற்சாலைப் பதிவுகள் உள்ளன. அவற்றைக் கொண்டு பார்க்கும்போது, கேள்வியே சற்று வேறு வடிவம் கொள்கிறது.

முதலில், ‘பழையது’ எனப்படுவது எக்காலத்துப் பழையது? சாமுவேல் கோல்ட் தமது அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றது 1836இல். நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் அவர் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1842இல் நொடித்துப் போயிற்று. மெக்சிக்கப் போர் அவரை மீட்டது. 1847இல் அமெரிக்க அரசு 1,000 துப்பாக்கிகள் கேட்டது. தமக்கென ஓர் ஆலை இல்லாத நிலையில், எலி விட்னியின் மகனுடைய பட்டறையில் அவற்றைச் செய்வித்தார். ‘வாக்கர்’ என்று வழங்கும் அத்துப்பாக்கி ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. இன்று ஏலத்தில் அவற்றின் விலை இலட்சக்கணக்கான டாலர். ஆனால் அவை களத்துக்குச் சென்றபோது பல உருளைகள் வெடித்துச் சிதறின. அக்காலத்து இரும்பின் தரமும், அறைகளில் கொள்ளும் வெடிமருந்தின் மிகுதியும் அதற்குக் காரணங்கள். பழைமையே தரம் என்போர் வாக்கரைச் சான்று காட்டுவதில்லை.

எஃகின் வரலாறும் இவ்வாறே. புகையில்லா வெடிமருந்து வந்தபின் அதன் அழுத்தத்தைத் தாங்கும் என்று கோல்ட் நிறுவனம் தன் 1873ஆம் ஆண்டு மாதிரிக்கு உறுதி கூறியது 1900இல்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் தன் உருளைகளைச் சூடேற்றிப் பதப்படுத்தத் தொடங்கியது 1919–20 வாக்கில். அதற்கு முற்பட்ட துப்பாக்கிகள் எவ்வளவு அழகாக இருப்பினும், அவற்றில் இக்காலத்து வேகத் தோட்டாவை இடத் துணிபவர் விரல்களைப் பணயம் வைக்கிறார். உலோகத்தைப் பொறுத்தவரை வழக்கில் தீர்ப்பு எளிது: புதியதே மேல். இதை மறுப்பவரும் இலர். அவர்கள் பேசுவது வேறொன்றைப் பற்றி.

அந்த வேறொன்று என்ன என்பதை அறிய, கோல்ட் அடைந்த புகழின் அடித்தளத்தைக் காணவேண்டும். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் அவர் தம் துப்பாக்கிகளைப் பரப்பிவைத்தபோது ஆங்கிலேயர் வியந்தது துப்பாக்கியைக் கண்டு மட்டுமன்று. அதைச் செய்த முறையைக் கேட்டும் வியந்தனர். பிர்மிங்காமில் துப்பாக்கி என்பது கைவினைஞர் பலர் தத்தம் பட்டறையில் செய்து சேர்ப்பது. கோல்ட்டோ எந்திரங்கள் உறுப்புகளை வெட்டித் தள்ளும் என்றார். ஹார்ட்ஃபோர்டில் எலிஷா ரூட் என்னும் தலைசிறந்த எந்திர வல்லுநர் அவருக்குத் துணையாக இருந்தார். 1855இல் எழுந்த பேராலை, நீலக் குவிமாடத்துடன், கனெக்டிகட் ஆற்றங்கரையில் எந்திர யுகத்தின் கோயிலாக நின்றது. எந்த உறுப்பையும் எந்தத் துப்பாக்கியிலும் மாற்றிப் பொருத்தலாம் என்பது அந்த யுகத்தின் மந்திரம்.

மந்திரம் முழுதும் பலிக்கவில்லை. அமெரிக்கத் தொழில் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் ஹவுன்ஷெல் 1984இல் வெளிவந்த தம் நூலில், கோல்ட்டின் உறுப்புகள் கையால் அராவிப் பொருத்தப்பட்டவையே என்பதை விளக்கியுள்ளார். நூலைப் புரட்டாமலே இதற்குச் சான்று காணலாம். பழைய கோல்ட் ஒன்றைக் கையிலெடுத்தால், சட்டம், குழல், உருளை, பிடிப்பட்டை எனப் பல உறுப்புகளில் ஒரே தொடரெண் பொறித்திருக்கும். எந்த உறுப்பும் எதற்கும் பொருந்துமெனில் எண் எதற்கு? எந்திரம் வெட்டிய உறுப்புகளை எஃகு மென்மையாக இருக்கும்போதே ஒன்றோடொன்று அராவிப் பொருத்துவர். பின் எண்ணிட்டுப் பிரித்து, கடினப்படுத்த உலைக்கு அனுப்புவர். உலையிலிருந்து மீண்டதும் அந்தந்த எண்ணைத் தேடிச் சேர்ப்பர். சேர்ந்து அராவப்பட்டவை பிரிந்துபோனால் பிறகு ஒன்றுக்கொன்று உதவா. எந்திர யுகத்தின் கோயிலில் உண்மையில் பூசை செய்தது அரம்.

அரம் செய்த வேலை என்ன? சுழல் துப்பாக்கியின் இயக்கத்தைச் சற்றுப் பார்ப்போம். விசையை இழுக்கும்போது ‘கை’ எனப்படும் சிறு தண்டு மேலெழுந்து உருளையின் பின்புறப் பல்லைத் தள்ளுகிறது. உருளை ஆறில் ஒரு பங்கு சுழல்கிறது. கீழிருந்து ஒரு தாழ் எழுந்து உருளையின் பள்ளத்தில் விழுகிறது. அக்கணத்தில் தோட்டா அறை குழலின் வாய்க்கு நேராக நிற்கவேண்டும். அதன்பின்னரே சுத்தி விழவேண்டும். தாழ் சற்று முந்தினால் உருளையைச் சிராய்க்கும். சற்றுப் பிந்தினால் அறை கோணலாக நிற்கும்போதே தோட்டா வெடித்து, ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும். உருளைக்கும் குழலுக்கும் இடையே ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். குறைந்தால் கரி படிந்து உருளை சிக்கும். மிகுந்தால் ஆவி வீணாகும். ஆறு அறைக்கும் ஆறு முறை இவையெல்லாம் பொருந்தவேண்டும். ஓர் உறுப்பை அராவினால் இன்னோர் உறுப்பின் நேரம் மாறும். எந்திரத்தின் துல்லியம் இந்த நுண்மையை எட்டாத காலத்தில், எட்டாத தூரத்தை மனிதன் தன் கண்ணாலும் விரலாலும் கடந்தான். அவனுக்கு நம் பட்டறைகளிலும் வழங்கும் பெயர்தான்: ஃபிட்டர்.

கோல்ட்டின் உள்ளமைப்பு இந்த ஃபிட்டரை மற்ற எதையும்விட அதிகமாக நம்பியிருந்தது. பைத்தானின் உள்ளுறுப்புகள் 1955இல் புதிதாகப் பிறந்தவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தில் அமைந்த வடிவத்தின் வழிவந்தவை. அதில் சுத்தி விழும் கணத்திலும் ‘கை’ உருளையைத் தாழின்மேல் அழுத்திப் பிடித்திருக்கும். உருளை மயிரிழையும் அசையாது. வங்கிக் கதவின் பூட்டுக்கு அதை ஒப்பிடுவர். ஆனால் அந்த அழுத்தமே தேய்மானத்துக்கும் வழி. ஆயிரக்கணக்கில் சுடச்சுட ‘கை’ தேய்ந்து, நேரம் பிசகும். மீண்டும் ஃபிட்டரிடம் போகவேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் அமைப்பில் உருளைக்குச் சிறிது அசைவு உண்டு. பார்ப்பதற்கு அது குறைபோலத் தோன்றும். உழைப்பதில் அதுவே நிறை. பழைய பைத்தானைப் புகழ்பவர் பலர் அதை அதிகம் சுடுவதில்லை என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது.

தரம் குறைந்துவிட்டது என்னும் குரல் எப்போது எழுந்தது என்று தேடினால் தேதி பின்னுக்குப் பின்னாகப் போய்க்கொண்டே இருக்கும். 1908இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட ‘நியூ செஞ்சுரி’ துப்பாக்கியில் உருளையைச் சட்டத்தோடு பிணைக்க மூன்று பூட்டுகள் இருந்தன. மூன்றாவது பூட்டு எத்துணை நேர்த்தியான வேலைப்பாடு என்பதைக் கண்டவர் மறவார். விலை 21 டாலர். 1915இல் மூன்றாம் பூட்டை நீக்கிய மாற்று வடிவம் 19 டாலருக்கு வந்தது. இரண்டு டாலருக்காக ஒரு கலையைக் கொன்றனர் என்னும் ஏக்கம் சேகரிப்பாளரிடையே இன்றும் உண்டு. இரண்டு பூட்டே போதுமானது என்பதை அதன்பின் வந்த நூறாண்டு மெய்ப்பித்துவிட்டது. எனினும் ஏக்கம் போகவில்லை. தேவைக்கு மேற்பட்ட நேர்த்தியைத்தான் மனிதர் நேசிக்கின்றனர் போலும்.

அந்நேர்த்தி உச்சம் தொட்டது 1935இல். அவ்வாண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ‘.357 மேக்னம்’ என்னும் புதிய தோட்டாவுக்கான துப்பாக்கியை வெளியிட்டது. வாங்குபவர் குழலின் நீளத்தைக் கால் அங்குல வேறுபாட்டில் தாமே குறிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவெண், சான்றிதழ். விலை 60 டாலர். முதலாவதைக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறைத் தலைவர் ஜே. எட்கர் ஹூவர் பெற்றார். 1939 வாக்கில் பதிவுமுறை நிற்கும்வரை ஐந்தாயிரத்துக்குச் சற்று மேல் செய்தனர். இதுவரை செய்யப்பட்ட சுழல் துப்பாக்கிகளில் இதனினும் சிறந்தது இல்லை என்பாரும் உளர். அக்கூற்றில் மிகை அதிகம் இல்லை. ஆனால் அந்த ஆண்டுகள் எவை என்பதை மறக்கலாகாது. பெருமந்தத்தின் ஆண்டுகள் அவை. வேலையில்லாதோர் தெருவில் நின்ற காலம். தேர்ந்த கை ஒன்றின் பல மணி நேர உழைப்பு மலிவாகக் கிடைத்தது. வேலையை இழக்க அஞ்சிய கை, தவறு செய்யாத கை. மெருகின் ஆழத்தில் அந்த அச்சமும் கலந்திருக்கிறது.

போர் வந்ததும் மெருகு போயிற்று. 1942 முதல் செய்த ‘விக்டரி’ மாதிரிகள் மங்கிய சாம்பல் பூச்சுடன் இலட்சக்கணக்கில் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று கப்பல் தளத்தில் விழுந்து வெடித்ததில் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். பழைய பாதுகாப்புத் தடுப்பை நம்ப இயலாது என்று தெரிந்தது. உடனே நிறுவனத்தார் சுத்திக்கும் சட்டத்துக்கும் இடையே நழுவி நிற்கும் புதிய தடுப்புப் பட்டையை வடிவமைத்தனர். அதுமுதல் வந்த துப்பாக்கிகள் அனைத்திலும் அது தொடர்ந்தது. போர்க்காலத்துக்கு முந்தைய, முகம் பார்க்கும் மெருகுள்ள துப்பாக்கிகளில் அது இல்லை. கோல்ட்டின் 1873 மாதிரியிலோ ஆறு அறை இருந்தும் ஐந்தில் மட்டுமே தோட்டாவிட்டு, சுத்தியை வெற்றறையின்மேல் நிறுத்தி வைப்பதே விவரமறிந்தோர் வழக்கம். ‘ஆறுமுறை சுடும் துப்பாக்கி’ என்பது பாதி கதை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1870களிலும் 80களிலும் ஓரிரு டாலருக்கு விற்ற மட்டரகச் சுழல் துப்பாக்கிகள் அமெரிக்காவில் பெருகிக் கிடந்தன. சுடுபவனுக்கே ஆபத்து என்பதால் பிற்காலச் சேகரிப்பாளர் அவற்றைத் ‘தற்கொலைத் துப்பாக்கிகள்’ என்று கேலி செய்தனர். அவையும் பழையவைதாம். அவை உடைந்தன, துருவேறின, பழைய இரும்புக்குப் போயின. பட்டுத்துணியில் சுற்றிப் பேரனுக்கு வைக்கப்பட்டவை நல்லவை மட்டுமே. தொகைநூல்களைக் கண்டு அக்காலத்துப் புலவர் அனைவரும் கபிலர் என்று முடிவுகட்டுவது எவ்வளவு சரியோ அவ்வளவே இதுவும்.

போருக்குப்பின் வந்த மாற்றங்களில் பெரியது வில்லியம் ரூகர் கொணர்ந்தது. 1949இல் அலெக்சாண்டர் ஸ்டர்முடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கிய அவர், 1953 முதல் சுழல் துப்பாக்கி செய்யலானார். உடையும் தட்டைவில்லுக்கு மாற்றாகச் சுருள்வில்லை வைத்தார். சட்டத்தை அடித்து உருவாக்கிக் குடைவதற்குப் பதிலாக, மெழுகு அச்சைக் கொண்டு எஃகை வார்த்தார். நம் ஊர்ச் சிற்பிகள் தெய்வத் திருமேனிகளை வார்க்கும் அதே மெழுகு முறையின் தொழிற்சாலை வடிவம் அது. வார்ப்பா, துப்பாக்கிக்கா என்று சிரித்தவர் பலர். ரூகரின் சட்டங்கள் முரட்டு உருவமுடையவை. ஆனால் உடைய மறுத்தன. 1973இல் அவர் சுத்தியின் அடியை இடைப்பட்டை வழியாக மட்டுமே ஊசிக்குச் செலுத்தும் அமைப்பைச் சேர்த்தார். ஆறாவது அறையிலும் அச்சமின்றித் தோட்டாவிடலாயிற்று. விசையின் பழைய இனிமை அதில் குன்றியது என்று புலம்பியவரும் உண்டு. ஓர் உயிருக்கு ஈடாக அவ்வளவு இனிமை போகலாம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனமோ கைமாறத் தொடங்கியது. 1965இல் பேங்கர் பூன்டா, 1984இல் லியர் சீக்லர், 1987இல் பிரிட்டனின் டாம்கின்ஸ் என முதலாளிகள் மாறினர். பேங்கர் பூன்டா காலத்துத் துப்பாக்கிகளைப் பற்றி அக்காலத்தவர் முணுமுணுத்தனர். 1982இல் குழலைச் சட்டத்தோடு இணைத்த ஊசியும், தோட்டாவின் விளிம்பு அமரும் உருளைப் பள்ளமும் கைவிடப்பட்டன. உடனே, அதுவரை முணுமுணுப்புக்கு ஆளாகியிருந்த 1970களின் துப்பாக்கிகள் ‘ஊசியும் பள்ளமும் உள்ளவை’ என்று போற்றப்படலாயின. பள்ளத்தால் வலிமை கூடியதில்லை. பழங்காலத்து மெல்லிய தோட்டாக் கூடுகளுக்காக ஏற்பட்ட வழக்கம் அது. எது போயிற்றோ அதுவே உயர்வாகிறது.

பழையவற்றின் குறைக்குச் சான்று வேண்டுவோர் ‘மாடல் 19’ஐ நோக்கலாம். 1955இல் காவலருக்காக வந்த, கைக்கடக்கமான மேக்னம் அது. கண்ணுக்கு அதனினும் அழகிய சுழல் துப்பாக்கி அரிது. ஆனால் இடம் போதாமையால் அதன் குழலின் பின்வாய் அடியில் தட்டையாகச் சீவப்பட்டிருந்தது. எடை குறைந்த வேகக் குண்டுகளை இடைவிடாது சுட்டபோது அந்த மெல்லிய இடம் விரிசல் விட்டது. 1980 வாக்கில் நிறுவனம் சற்றுப் பெரிய சட்டத்தில் புதிய வரிசை ஒன்றைச் செய்தது. அதுவும் குறையின்றி வரவில்லை, 1987இல் திரும்ப வரவழைத்துத் திருத்தவேண்டியதாயிற்று. 2018இல் மாடல் 19 மீண்டும் வந்தபோது அந்தத் தட்டைச் சீவல் இல்லை. குழல் இரு துண்டாகச் செய்யப்பட்டிருந்தது. பழைமை விரும்பிகளுக்கு அது உறுத்தல். ஆனால் விரிசல் விழும் இடம் அகன்றுவிட்டது.

இனி, உண்மையில் போனது எது என்பதற்கு வருவோம். 1986 சனவரியில் கோல்ட் ஆலையின் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது நான்கு ஆண்டு நீடித்தது. நிர்வாகம் புதியவர்களை அமர்த்தி ஆலையை ஓட்டியது. 1988இல் படைத்துறையின் எம்16 ஒப்பந்தம் பெல்ஜிய நிறுவனம் ஒன்றின் கிளைக்குப் போயிற்று. 1990இல் உடன்பாடு ஏற்பட்டு, தொழிற்சங்கமும் மாநில ஓய்வூதிய நிதியும் பங்கேற்ற ஒரு கூட்டு ஆலையை வாங்கியது. 1992இலேயே அது திவாலாயிற்று. பைத்தானை அராவத் தெரிந்த கை ஒரு நாளில் உருவாவதன்று. ஒருவர் அருகில் மற்றொருவர் நின்று, ஆண்டுக்கணக்கில் பார்த்து, கெடுத்து, திருத்திக் கற்பது. எழுதிவைக்கப்பட்ட அளவுகளுக்கு அப்பால், ‘இன்னும் ஒரு இழுப்பு’ என்று விரல் சொல்லும் அளவு ஒன்று உண்டு. நான்காண்டு வாயிலுக்கு வெளியே நின்றவர்களில் எல்லோரும் திரும்பவில்லை. திரும்பியவர் மூப்பெய்தினர். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்கவேண்டியவர்களுக்கு நின்று கற்கக் காலமும் இல்லை, கற்றபின் கொடுக்கக் கூலியும் இல்லை. 1999இல் பைத்தான் நின்றதற்கு விற்பனைக் கணக்கு ஒரு காரணம். இதுவும் ஒரு காரணம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வேறு வழி கண்டது. 1990களில் சுத்தியும் விசையும் புதிய முறையில் பிறந்தன. உலோகப் பொடியைப் பசையுடன் குழைத்து அச்சில் செலுத்தி, பசையை நீக்கி, உலையில் சுட்டு இறுக்குவர்; உறுப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, வேண்டிய அளவில் வந்து நிற்கும். அராவ வேண்டியது மிகக் குறைவு. குயவன் சூளையும் கொல்லன் உலையும் ஒன்றாகிய தொழில் இது. பழைய சுத்தியின் மேல் நெருப்பு எழுதிய வண்ணக் கோலம் இதில் இல்லை. அதுதான் முதற்குறை, ‘பொடி உறுப்பு உடையும்’ என்பது அடுத்த குறை. உடைந்தவை உண்டு, பழைய அடித்த உறுப்புகளிலும் உடைந்தவை உண்டு. உறுப்புக்கு உறுப்பு ஒத்திருப்பதில் புதியது வெல்கிறது. நேரத்தை ஒப்பிட்டாலோ சொல்லவே வேண்டியதில்லை.

2001இல் வந்த உள்பூட்டின் கதை தரத்தைப் பற்றியதே அன்று. 2000இல் இந்நிறுவனம் கிளிண்டன் அரசுடன் ஓர் உடன்படிக்கை செய்தது. துப்பாக்கி விரும்பிகள் வெகுண்டு வாங்குவதை நிறுத்தினர். 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய டாம்கின்ஸ், 1.5 கோடி டாலருக்கு விற்று வெளியேறியது. வாங்கிய நிறுவனத்தின் தொழிலே பாதுகாப்புப் பூட்டு. சட்டத்தின் இடப்பக்கத்தில் அப்பூட்டின் சாவித்துளை தோன்றியது. அச்சிறு துளையைக் கண்டு ‘தரம் போயிற்று’ என்பவர் பலர் உண்மையில் பேசுவது அரசியல்.

இத்துணையும் அறிந்தபின் 2020இன் பைத்தானைக் கையிலெடுப்போம். முதலில் அது துருவேறா எஃகில் மட்டுமே வந்தது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் இனம். பளபளக்கும், ஆனால் கருநீலத்தின் ஆழம் வராது. உள்ளுறுப்புகளில் 14ஐக் குறைத்துவிட்டதாக நிறுவனம் கூறியது. சட்டத்தின் மேற்பகுதியைத் தடிப்பாக்கியது. கணிப்பொறி இயக்கும் எந்திரங்கள் உறுப்புகளை வெட்டின. முதல் தொகுதியில் உருளை சிலவேளை சுழலாமை, பக்கத் தகட்டின் திருகு தளர்தல், குழல் வாயின் கரடு எனக் குறைகள் வெளிப்பட்டன. ஃபிட்டர் ஒருவன் மேசையில் இறுதியாக இருமுறை இழுத்துப் பார்த்திருந்தால் இவற்றுள் பல ஆலையை விட்டே வெளியேறியிரா. பின்னர் வந்தவற்றில் இவை பெரும்பாலும் திருத்தப்பட்டன. திருந்தியபின் நிற்கும் துப்பாக்கி, பழையதைவிட வலியது, நேரம் பிசகாமல் நெடுங்காலம் சுடக்கூடியது, குறிக்கு இணையானது. விசையின் இழுப்பும் எவரும் குறைகூறும் தரத்தில் இல்லை. சுடுவதற்கு வாங்குபவர் புதியதை வாங்குவதே அறிவு. மெருகையும் பொருத்தத்தையும் கண்டு மகிழ வாங்குபவர் 1950களின் பைத்தானைத் தேடவேண்டும்; அதற்கு ஈடு இந்தப் புதியதில் இல்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. எந்திரம் வெட்டிய உறுப்பு அராவாமலே பொருந்தவேண்டும் என்பது சாமுவேல் கோல்ட்டின் கனவு. அவர் காலத்திலும், அவருக்குப்பின் நூறாண்டுக்கு மேலும் அது கைகூடவில்லை. கைகூடாத இடைவெளியை நிரப்பிய அரத்தின் சுவட்டைத்தான் உலகம் ‘கோல்ட்டின் தரம்’ என்று வழிபட்டது. கனவு ஏறத்தாழ மெய்யான நாளில், இது கோல்ட்டே அன்று என்றது.

அரம் மறைந்துவிட்டது என்றும் கொள்ளற்க. பிரான்சில் 1973இல் தோன்றிய ‘மனுரின் எம்ஆர்73’ இன்னும் ஃபிட்டர் கையால் பொருத்தப்பட்டே வெளிவருகிறது. அந்நாட்டு அதிரடிப் படை நெடுங்காலம் அதைச் சுமந்தது. ஜெர்மனியின் கோர்த் துப்பாக்கிகளும் அவ்வாறே. இவற்றைப் பழைய எதனோடும் துணிந்து ஒப்பிடலாம். சிலவற்றில் பழையதை விஞ்சும். விலை மட்டும் பைத்தானைப்போல் இருமடங்கு, மும்மடங்கு. அறிவு அழியவில்லை, அதற்கு ஊதியம் கொடுப்போர் குறைந்தனர் என்பதே இதனால் பெறப்படுவது.

இந்தியாவில் இவ்வழக்கு வேறுவிதமாக நடக்கிறது. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி தடைப்பட்டபின், உரிமம் பெற்றவர்களிடையே பழைய ‘இங்கிலீஷ் வெப்லி’க்கு விலை வானளாவ ஏறியது. கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் வெப்லியின் வழியிலேயே .32 சுழல் துப்பாக்கி செய்கின்றனர். 2014இல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்னும் அரைக்கிலோ எடையுள்ள துப்பாக்கியும் அங்கிருந்து வந்தது. விலை ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. பிர்மிங்காமின் முத்திரைக்கு இங்கே கொடுக்கப்படும் விலையில் பெரும்பங்கு கிடைப்பருமைக்கே. தரத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுதல் எளிதன்று.

அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 2023இல் தன் தலைமையகத்தை டென்னசி மாநிலத்து மேரிவில்லுக்கு மாற்றிக்கொண்டது. சுழல் துப்பாக்கிகளின் சட்டங்களைச் சம்மட்டி எந்திரத்தில் அடித்து உருவாக்கும் பட்டறை பழைய ஊரான ஸ்பிரிங்ஃபீல்டிலேயே தங்கிவிட்டது.